பாதத்துக்குப் பத்து சொட்டு

தமிழில் ஒரு புதுச் சரக்கு வந்திருக்கிறது. 'அத்தியாவசிய எண்ணெய்'. படித்தவுடன் ரேஷன் கடை பாமாயில்தான் ஞாபகத்துக்கு வரும். அது இல்லையாம். 'எசென்ஷியல் ஆயில்' என்பதை யாரோ அகராதியைப் பிரித்து, கண்ணில் பட்ட முதல் அர்த்தத்தைப் பிடுங்கி ஒட்டிவிட்டார்கள். இங்கே எசென்ஷியல் என்றால் அவசியம் என்ற பொருள் இல்லை. எசென்ஸ். சாரம். ரோஸ் மில்க்கில் விடுகிறோமே, அதற்குப் பக்கத்து வீடு. இலை, பட்டை, பூ இவற்றைக் காய்ச்சி வடித்தால் ஆவியோடு வருகிற வாசனைச் சாரம். இதற்கு நம்மிடம் 'தைலம்' என்று சுருக்கமான வார்த்தை ஏற்கெனவே இருக்கிறது. மருந்துக் கடையில் போய் 'நீலகிரி அத்தியாவசிய எண்ணெய் ஒரு பாட்டில் கொடுங்க' என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

மொழிபெயர்ப்பு போனால் போகிறது. விஷயம் அதுவல்ல. இந்த எண்ணெய்களை வைத்துக்கொண்டு கை வைத்தியக் குறிப்பு எழுதுகிறவர்களின் எண்ணிக்கை, மழைக்காலக் காளான் மாதிரி பெருகியிருக்கிறது. காளான் என்று சொன்னது காரணத்தோடுதான். அவர்களுக்கு ரொம்பப் பிடித்த நோயே காளான் நோய்தான். கால் விரல் இடுக்கில் வருகிற பூஞ்சை. நம் பாஷையில் சேற்றுப்புண்.

இதற்கு அவர்கள் தருகிற நட்சத்திர மருந்து டீ ட்ரீ ஆயில். முதலில் ஒரு சந்தேக நிவர்த்தி. இதற்கும் நம் வால்பாறைத் தேயிலைக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. இது மெலலூகா என்கிற ஆஸ்திரேலிய மரம். நியூ சவுத் வேல்ஸ் வடக்கில், சதுப்பு நிலங்களில் வளர்வது. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான பண்ட்ஜலங் மக்கள் அதன் இலையை நசுக்கிக் காயத்துக்கும் சளிக்கும் பயன்படுத்தினார்கள். இலையைத்தான். எண்ணெயை அல்ல. எண்ணெயை வடித்து, 'கார்பாலிக் அமிலத்தைவிட இது பதினோரு மடங்கு வீரியமான கிருமிநாசினி' என்று 1920-களில் எழுதி வைத்தவர் சிட்னி மியூசியத்தில் ரசாயன நிபுணராக இருந்த ஆர்தர் பென்ஃபோல்ட். ஆகவே இதைப் 'பாட்டி வைத்தியம்' என்று தலைப்பிட்டுப் போடுகிறவர்களிடம் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எந்தப் பாட்டி? நம் பாட்டிகள் சேற்றுப்புண்ணுக்கு மருதாணியையும் மஞ்சளையும் அரைத்து அப்பினார்கள். அவர்கள் டீ ட்ரீ என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை.

சரி, குறிப்புக்கு வருவோம். ஒரு சினிமாவை, ஒரு நாவலை விமர்சனம் செய்கிற மாதிரி ஒரு கை வைத்தியக் குறிப்பையும் விமர்சனம் செய்யலாம். செய்யவேண்டும். ஏனென்றால் நாவல் சொதப்பினால் நமக்கு நஷ்டம் ஒரு சாயங்காலம்தான்.

இந்தக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே நடை. 'ஒரு அகலமான பாத்திரத்தில், பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்துக்கொள்ளவும். அதில் பத்து சொட்டு டீ ட்ரீ ஆயில் விடவும். இருபது நிமிடம் பாதங்களை வைத்திருக்கவும். நல்ல பலன் கிடைக்கும்.' ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். எத்தனை நாள் செய்யவேண்டும் என்பது இருக்காது. எப்போது நிறுத்தவேண்டும், யார் செய்யக்கூடாது என்பதும் இருக்காது. 'நல்ல பலன்' என்றால் அரிப்பு நிற்குமா, பூஞ்சை சாகுமா, வாசனை நன்றாக இருக்குமா? அதையும் சொல்லமாட்டார்கள்.

நான் படித்தது பி.காம். பூஞ்சையைப் பற்றிப் பேச எனக்கு அருகதை குறைவு. ஆனால் வகுத்தல் கணக்கு தெரியும். போட்டுப் பார்ப்போம்.

சுமாராக இருபது சொட்டு ஒரு மில்லி. பத்து சொட்டு அரை மில்லி. பாதம் முழுகவேண்டும் என்றால் குறைந்தது மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். மூவாயிரம் மில்லியில் அரை மில்லி. ஆறாயிரத்தில் ஒரு பங்கு. இதே எண்ணெயை வைத்து ஆஸ்திரேலியாவில் ஓரளவு பலன் கண்ட ஆராய்ச்சியில் (அதற்கு இதோ வருகிறேன்) பயன்படுத்திய அளவு, நாலில் ஒரு பங்கு. அதாவது நம் வாளிக்குள் இருப்பதைப்போல் ஆயிரத்து ஐந்நூறு மடங்கு. அதுவும் எண்ணெய் தண்ணீரில் கரைந்தால்தான் இந்தக் கணக்கே. எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பது ரசம் வைத்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். மேலே படலமாக மிதந்து, கால் விடும்போது கணுக்காலில் ஒட்டிக்கொள்ளும். விரல் இடுக்குக்குப் போய்ச் சேர்வது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இன்னொரு வகைக் குறிப்பு, தேங்காய் எண்ணெயில் கலக்கச் சொல்கிறது. இரண்டு பெரிய ஸ்பூன் தேங்காய் எண்ணெய், அதாவது முப்பது மில்லி, அதில் அதே பத்து சொட்டு. கணக்குப்படி இது ஒன்றே முக்கால் சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நாலில் ஒரு பங்கு வேண்டுமானால் பத்து சொட்டு போதாது சார், இருநூறு சொட்டு விடவேண்டும்.

உடனே பாட்டிலைக் கவிழ்த்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

சேற்றுப்புண் என்பது புண்ணும் இல்லை, சேறும் இல்லை. ட்ரைக்கோஃபைட்டன் என்ற பூஞ்சை. நம் தோலின் மேலடுக்கிலும் நகத்திலும் முடியிலும் இருக்கிற கெராட்டின் என்ற புரதம்தான் அதன் சாப்பாடு. அதற்கு ஈரமும் இருட்டும் கதகதப்பும் வேண்டும். வயலில் நிற்கிறவருக்கு அதைச் சேறு தருகிறது; பாத்திரம் தேய்க்கிறவருக்குத் தண்ணீர்; நகரத்துக்காரருக்கு ஷூவும் நைலான் சாக்ஸும். நாலாவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக ஊறிப்போய், உரிந்து, அரிக்க ஆரம்பிக்கும். ராத்திரி சாக்ஸைக் கழற்றியதும் அந்த இடத்தைச் சொறிகிற சுகம் இருக்கிறதே, அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஆராய்ச்சிக்கு வருவோம். டீ ட்ரீ ஆயிலை மனிதர்களின் கால்களில் ஒழுங்காகச் சோதித்த ஆராய்ச்சிகள் மிகக் குறைவு. முதலாவது 1992-ல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. 104 நோயாளிகள், மூன்று கோஷ்டிகள். ஒன்றுக்கு 10 சதவீத டீ ட்ரீ க்ரீம், இன்னொன்றுக்கு டோல்நாஃப்டேட் என்ற பழைய மருந்து, மூன்றாவதுக்கு மருந்தே இல்லாத வெறும் க்ரீம். யாருக்கு எது என்பது சொல்லப்படவில்லை.

முடிவு சுவாரஸ்யமானது. 'அரிப்பு, எரிச்சல், தோல் உரிதல் எல்லாம் எப்படி இருக்கிறது?' என்று பார்த்தபோது டீ ட்ரீ பூசியவர்களில் 65 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். டோல்நாஃப்டேட் பூசியவர்களில் 58. வெறும் க்ரீமுக்கு 41. ஆகா, எண்ணெய் ஜெயித்துவிட்டது என்றுதானே தோன்றுகிறது? அப்புறம் தோலைச் சுரண்டி எடுத்து, பூஞ்சை இன்னும் இருக்கிறதா என்று பரிசோதனைச் சாலையில் பார்த்தார்கள். டோல்நாஃப்டேட் கோஷ்டியில் 85 சதவீதம் பேருக்குப் பூஞ்சை காலி. டீ ட்ரீ கோஷ்டியில் 30. வெறும் க்ரீம் கோஷ்டியில் 21.

இந்த இரண்டு வரிசை எண்களையும் இன்னொரு தடவை படியுங்கள். எண்ணெய்க் குறிப்புகளின் மொத்த ரகசியமும் அங்கேதான் இருக்கிறது. அரிப்பு அடங்குகிறது. பூஞ்சை அங்கேயே இருக்கிறது. அரிப்பு அடங்கினவர் 'எனக்கு நல்லா கேட்டுச்சு' என்று மச்சினருக்குச் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது அதை 'இந்த வருஷ மழைக்கு மறுபடி புதுசா வந்தது' என்று நினைத்துக்கொள்கிறார். மறுபடி பத்து சொட்டு.

அந்த 21 சதவீதத்தையும் மறந்துவிடாதீர்கள். மருந்தே இல்லாத க்ரீமைப் பூசியும் ஐந்தில் ஒருவருக்குப் பூஞ்சை போயிருக்கிறது. காலைக் கழுவித் துடைத்து, தினமும் இரண்டு வேளை அக்கறையாகப் பார்த்துக்கொண்டாலே கொஞ்சம் பேருக்குச் சரியாகிவிடும். அந்தக் கொஞ்சம் பேர் விபூதி பூசியிருந்தால் விபூதிக்குப் புகழ். பற்பசை பூசியிருந்தால் பற்பசைக்கு.

எண்ணெய்க்கும் நியாயம் செய்வோம். 2002-ல் அதே நாட்டில் இன்னொரு ஆராய்ச்சி. 158 பேர். இந்தத் தடவை க்ரீம் இல்லை. எத்தனால் கலந்த கரைசலில் 25 சதவீதம், 50 சதவீதம் என்று கனமான அளவு. தினம் இரண்டு வேளை, நாலு வாரம். 50 சதவீதக் கரைசல் பூசியவர்களில் 64 சதவீதம் பேருக்குப் பூஞ்சை போனது. வெறும் கரைசல் கோஷ்டியில் 31. இது கணிசமான வித்தியாசம்தான். எண்ணெய்க்குச் சக்தியே இல்லை என்று சொல்கிறவர்கள் இதைப் படிக்கவேண்டும். சக்தி இருக்கிறது. ஆனால் அந்த அளவில் எண்ணெய் பூசியவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்குத் தோல் சிவந்து அழற்சியாகி, நிறுத்தவேண்டி வந்தது. இருநூறு சொட்டை அவசரப்பட்டுக் கவிழ்க்காதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

ஆக, வாளியில் பத்து சொட்டு விடுகிற அளவில் பலனும் இல்லை, பாதகமும் இல்லை. பலன் தருகிற அளவில் அது ஒரு மருந்து; மருந்துக்கு உண்டான வம்புகளும் கூடவே வரும். 'இயற்கை, அதனால் பக்கவிளைவு கிடையாது' என்ற வரி இரண்டுக்கும் பொருந்தவில்லை. பாட்டிலைத் திறந்து வைத்தும் வெயில் படும்படி வைத்தும் காற்றோடு கலந்து பழசாகிப்போன எண்ணெய் இன்னும் மோசம். அலர்ஜி உண்டாக்குகிற பொருள்கள் அதில் கூடிவிடும். குறிப்பு எழுதுகிறவர்கள் திறந்த தேதியை பாட்டிலில் எழுதி வைக்கச் சொல்லி நான் இதுவரை பார்த்ததில்லை. குழந்தை இருக்கிற வீட்டில் எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லியும் பார்த்ததில்லை. இதைக் குடித்த குழந்தைகள் தள்ளாடி, மயக்க நிலைக்குப் போனதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன.

நகத்துக்கு வருவோம். நகச்சொத்தை. நகம் தடித்து, மஞ்சளாகி, பொடிப்பொடியாக உதிர்வது. இதற்கு டீ ட்ரீ ஆயில் 'க்ளோட்ரிமசோலுக்குச் சமம் என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்' என்று அடிக்கடி எழுதப்படுகிறது. நிரூபித்தது உண்மைதான். 1994-ல் அமெரிக்காவில், 117 பேர், ஆறு மாதம். கலப்படமே இல்லாத நூறு சதவீத எண்ணெய் ஒரு பக்கம், 1 சதவீத க்ளோட்ரிமசோல் இன்னொரு பக்கம். ஆறு மாதம் கழித்துப் பூஞ்சை போனது எண்ணெய்க் கோஷ்டியில் 18 சதவீதம் பேருக்கு, க்ளோட்ரிமசோல் கோஷ்டியில் 11. சமம்தான்! இரண்டு பேரும் ஃபெயில். ஃபெயிலான பையன் 'நானும் பக்கத்து பெஞ்ச் பையனும் ஒரே ரேங்க்' என்று வீட்டில் சொல்வது போன்ற சமம்.

இதைவிட வேடிக்கை 1999-ல். நகப் பூஞ்சைக்கு ப்யூட்டெனஃபைன் என்ற மருந்தையும் 5 சதவீத டீ ட்ரீ ஆயிலையும் சேர்த்து ஒரு க்ரீம் சோதித்தார்கள். ஒப்பிடுவதற்காக இன்னொரு கோஷ்டிக்கு, மருந்து இல்லாமல் டீ ட்ரீ மட்டும் போட்ட க்ரீம் கொடுத்தார்கள். பதினாறு வாரத்தில் முதல் கோஷ்டியில் 80 சதவீதம் பேர் குணம். டீ ட்ரீ கோஷ்டியில் ஒருவர்கூட இல்லை. ஆராய்ச்சியாளர்கள் அந்த எண்ணெயைப் பயன்படுத்தியதே 'ஒன்றும் செய்யாத பூச்சு' என்ற வேஷத்துக்குத்தான்.

காரணம் ரொம்ப மர்மமானது இல்லை. பூஞ்சை இருப்பது நகத்துக்கு அடியில். பூசுவது நகத்துக்கு மேல். கால் நகம் அடியிலிருந்து நுனிவரை புதிதாக வளர ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் ஆகும். அதுவரை விடாமல் ஒரு பூச்சைப் பூசுகிற பொறுமை சித்தர்களுக்கு இருக்கலாம். டாக்டர்கள் நகச்சொத்தைக்கு உள்ளே சாப்பிடும் மாத்திரையை, கால் நகம் என்றால் பன்னிரண்டு வாரம் வரை, கல்லீரலையும் கண்காணித்துக்கொண்டு தருவது இதனால்தான். இன்னொன்று: தடித்து உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையே இல்லை. சொரியாசிஸாக இருக்கலாம், பழைய அடியாக இருக்கலாம், இறுக்கமான ஷூவாக இருக்கலாம். நகத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். எண்ணெய் பாட்டிலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கிராம்பு, ஓமம், ஆரிகானோ, எலுமிச்சைப்புல் என்று மற்ற தைலங்களின் பட்டியலும் உண்டு. 'ஆய்வகத்தில் பூஞ்சையைக் கொன்றது' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ். கொன்றது நிஜம். ஓமத்தில் இருக்கிற தைமால் உண்மையாகவே நல்ல கிருமிநாசினி. ஆனால் கண்ணாடித் தட்டில் வளர்த்த பூஞ்சை மேல் கொதிக்கிற சாம்பாரை ஊற்றினாலும் சாகும். காலில் ஊற்றமுடியாது. அங்கே செத்ததா என்பது முதல் படி. கடைசிப் படி வரை ஏறிப்பார்த்த தைலம் அநேகமாக எதுவும் இல்லை.

'அப்ப மருந்துக் கடைக்கே போயிடலாமா?' என்று கேட்பீர்கள். அங்கேயும் நிலைமை சொர்க்கம் இல்லை. ஜனங்கள் எண்ணெய்ப் பக்கம் ஓடுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. கடைக்காரரிடம் 'அரிப்புக்கு ஏதாவது குடுங்க' என்றால் பல வருஷமாக நம் ஊரில் கிடைத்தது ஒரு கூட்டணி க்ரீம். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. ஸ்டீராய்டு பூசினால் இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் மாயம். உள்ளே பூஞ்சைக்கோ தோலின் எதிர்ப்பு குறைந்ததில் கொண்டாட்டம். நிறுத்தினதும் இரண்டு பங்காகப் பரவும். டீ ட்ரீயின் கதையேதான், இன்னும் மோசமான வில்லனோடு. 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு பூச்சுகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தது, பழக்கம் முழுதாகப் போகவில்லை.

இதற்கு நடுவே தோடையிலும் இடுப்பிலும் வருகிற படர்தாமரையில், டெர்பினாஃபைன் என்ற நல்ல மருந்துக்கே மசியாத ஒரு பூஞ்சை கிளம்பியிருக்கிறது. 2020-ல் விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயர் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே. பெயரிலேயே இந்தியா இருக்கிறது. நாம் பெருமைப்படத் தேவையில்லாத உலகப் புகழ்களில் இது ஒன்று. தோல் டாக்டர்கள் இதற்குச் சொல்லும் காரணங்களில் முக்கியமானது, இந்தக் கூட்டணி க்ரீம்களும் அரைகுறை வைத்தியமும்.

ஆகவே க்ரீம் வாங்கும்போது அட்டைப் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். மருந்து வரிசையில் க்ளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது கண்ணில் பட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறும் க்ளோட்ரிமசோலோ மைக்கோனசோலோ டெர்பினாஃபைனோ கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் 'அத்தியாவசிய மருந்துகள்' பட்டியலில் மைக்கோனசோலும் டெர்பினாஃபைனும் இருக்கின்றன. இங்கே அந்த வார்த்தை சரியான மொழிபெயர்ப்பு. விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சின்ன டீ ட்ரீ பாட்டிலின் விலைக்குப் பெரும்பாலும் இரண்டு டியூபாவது வரும். அரிப்பு நின்ற பிறகும் டியூபில் போட்டிருக்கிற நாள் கணக்கு முடிகிறவரை பூசவேண்டும். விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்கவேண்டும், அதற்குத் தனித் துண்டு. இடுப்பிலும் பரவாமல் இருக்க, தோல் டாக்டர்கள் சொல்கிற ஒரு யோசனை உண்டு: குளித்துவிட்டு வந்ததும் முதலில் சாக்ஸ், பிறகு ஜட்டி. பார்ப்பதற்கு சூப்பர்மேன் ரிகர்சல் மாதிரி இருக்கும். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு வரிந்து கட்டிக்கொண்டு எழுதவேண்டுமா, சேற்றுப்புண்தானே, யாராவது சாகிறார்களா என்று சிலர் நினைக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த பெரிய கணக்கெடுப்பு 2023-ல் வெளியானது. அதன்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் பத்து கோடி. உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். பல வருஷம் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். அவரிடம் போய் 'பொறுக்கும் சூட்டில் வெந்நீர்' என்று சொன்னால், எது பொறுக்கும் சூடு என்பதை அவருடைய கால் எப்படிச் சொல்லும்? தோல் வெந்தது கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். எண்ணெய் பட்டு எரிந்தாலும் தெரியாது. விரல் இடுக்கில் பூஞ்சை போட்ட வெடிப்பு வழியாக பாக்டீரியா உள்ளே போனால் கால் வீங்கிச் சிவந்து, காய்ச்சல் அடித்து, ஆஸ்பத்திரி. ஆறாத புண், விரலை எடுப்பது என்று போகிற கதைகளில் பல இப்படி அற்பமான வெடிப்பில்தான் ஆரம்பிக்கின்றன.

அப்பாவோ மாமியாரோ சர்க்கரைக்காரராக இருந்தால் இன்று ராத்திரி அவர் கால் விரல்களை விரித்து, டார்ச் அடித்து ஒரு தடவை பாருங்கள். வெள்ளையாக ஊறியிருந்தால் வாளியும் வேண்டாம், சொட்டும் வேண்டாம், கடைக்காரரின் சிபாரிசும் வேண்டாம். நேராக டாக்டர். மற்றவர்களும், நாலு வாரம் ஒழுங்காகப் பூசிக் கேட்கவில்லை என்றாலோ, நகம் பாதித்திருந்தாலோ, சிவப்பு பாதத்தின் மேலே ஏற ஆரம்பித்தாலோ அதேதான்.

எண்ணெயை ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டவர்கள் தூக்கி எறியவேண்டாம். நல்ல வாசனை. பூனையோ நாயோ இல்லாத வீடென்றால் (அவற்றுக்கு இது விஷம்) தரை துடைக்கிற தண்ணீரில் விடலாம். அங்கே பத்து சொட்டு போதும்.